டிராக்டர் புகை: நிறத்தோடு நேரத்தையும் பாருங்கள்

கறுப்பு என்றால் டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் மனப்பாடம். தப்பில்லை, ஆனால் பாதிதான். இதை மட்டும் நம்பி இன்ஜினைப் பிரித்து, ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) லைனரும் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்) மாற்றி, பெரிய பில்லும் கட்டிய பிறகு புகை குறையாத வண்டிகள் நிறைய உண்டு. நிறத்தோடு அது எப்போது வருகிறது என்பதையும் பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா? மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் மண்ணில் இறங்கும்போதா? நாள் முழுக்கவா?

இன்னமும் வயல்களில் ஓடும் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். டர்போ, சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் 16-ல் அல்லது 18-ல் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நெருக்கத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அதற்குள் நாசில் என்ற தூவு முனை டீசலைத் தூவ, டீசல் தானே பற்றிக்கொள்கிறது. 2,000 ஆர்பிஎம்மில் இந்தத் தூவலுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் 500-ல் ஒரு பங்கு.

இவ்வளவு அவசரத்தில் எல்லா டீசலுக்கும் காற்று ஒரே சீராகக் கிடைக்காது. தூவலின் ஓரம் எரியும்போதே, காற்று எட்டாத நடுப்பகுதியில் டீசல் சூட்டில் சிதைந்து கரியாகிவிடும். ஆக, நல்ல இன்ஜினுக்குள்ளும் கரி உண்டாகத்தான் செய்கிறது. புகையை வெளியே விடும் வால்வு திறப்பதற்குள் அதில் பெரும்பகுதி எரிந்து தீர்ந்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றோ சூடோ நேரமோ போதாமல் போனால் மிச்சக் கரி வெளியே வரும். அதுதான் கறும்புகை. அரிக்கேன் விளக்கில் திரியை அளவுக்கு மீறி ஏற்றினால் கண்ணாடி கறுக்கிறதே, காரணம் அதேதான்.

ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய இன்னும் கூடுதலாக வேண்டும். அதனால் கறும்புகை என்றதும் முதலில் பார்க்க வேண்டியது டீசல் பம்பை அல்ல, ஏர் கிளீனரை. பழைய வண்டிகளில் இருப்பது ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர். உள்ளே வரும் காற்று கிண்ணத்து ஆயிலை உரசிச் சட்டென்று மேலே திரும்பும்போது, கனமான தூசி திரும்ப முடியாமல் ஆயிலில் விழுகிறது. தப்பித்த தூசியை மேலே ஈரமாக இருக்கும் கம்பி வலை பிடித்துக்கொள்கிறது. கதிரடித்த நாளில் கிண்ணத்தைக் கழற்றி அடியில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். சேறு கெட்டியாக ஒட்டினால் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டிய நேரம். பலர் கிண்ணத்தை மட்டும் கழுவிவிட்டு வலையை விட்டுவிடுகிறார்கள். வைக்கோல் தூசு அடைத்துக்கொள்வதே அங்கேதான். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் காற்றுக் குழாய்க்குள் அணிலோ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இன்ஜின் திணறும்போது மட்டும் கறுத்தால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். வேகம் விழுந்ததும், இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் தன்னால் முடிந்த அளவு டீசலைத் திறந்துவிடும். மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு அந்த அளவு காற்று கிடைக்காது. ஒரு கியர் இறக்கினால் சரியாகிவிடும். காலி வண்டியிலும் கறுத்தால்தான் நாசில், டைமிங் (டீசல் இறங்கும் நேரம்), பம்ப் என்று போக வேண்டும். இழுவை போதவில்லை என்று சொன்னால் பம்பின் டீசல் அளவைக் கூட்டி வைத்துத் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கொஞ்சம் இழுவை கூடும், உண்மைதான். கூடவே பிஸ்டன் தலையின் சூடும் ஏறும். இந்தப் பேரம் கட்டுபடியாகாது என்பது என் கருத்து.

எந்த நாசில் கெட்டது என்று கண்டுபிடிக்க மிஷின் தேவையில்லை. இன்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல்) ஓடும்போது நாசிலுக்கு வரும் டீசல் குழாயின் நட்டை ஸ்பானரால் லேசாகத் தளர்த்த வேண்டும். டீசல் நட்டோரம் கசிந்துவிடும், அந்த சிலிண்டர் ஓய்ந்துவிடும். சத்தம் மாறி இன்ஜின் தடுமாறினால் அது இதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். தளர்த்தியதும் பெரிய மாற்றமில்லாமல் புகை மட்டும் நின்றால் ஆள் அகப்பட்டான். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு எச்சரிக்கை: கழற்றிய நாசில் தூவும்போது அதன் முன்னால் விரலை நீட்டவே கூடாது. நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

வெண்புகை இரண்டு வகை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. மார்கழிக் காலையில் அது குளிர்ந்து வெள்ளையாகத் தெரியும், சற்று நேரத்தில் மறையும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கண் எரிந்து, பச்சை டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். சிலிண்டர் போதிய அளவு சூடாகவில்லை, அல்லது டீசல் தாமதமாக இறங்குகிறது. இங்கே சூட்டுக்குப் பயந்து, இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், வெண்புகையும் நீளும். இன்ஜின் சூடான பின்னும் வெள்ளை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் தலைக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால் சந்தேகம் உறுதி.

அடுத்தது நீலம். எரியாத ஆயில் மிக நுண்ணிய துளிகளாக வெளியேறுகிறது. ஒளி அலையைவிடச் சிறிய துளிகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இதே விதியால்தான். துளி பெரிதானால் எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறி வெள்ளையாகிவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் நீலப்புகை பழுப்பாகத் தெரியும், நீல ஒளி பக்கவாட்டில் போய்விடுவதால். வேப்பமரத்து நிழல் போன்ற இருண்ட பின்னணியில், வெயில் புகைமேல் விழும்படி நின்று பாருங்கள்.

நீலம் உறுதியானதும் "ரிங் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். இன்ஜின் ஆயில் கேஜ் கோட்டுக்கு மேலே நிற்கிறதா? ஏர் கிளீனர் கிண்ணத்தில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கிறதா? அப்படியிருந்தால் அந்த ஆயிலை இன்ஜின் காற்றோடு உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் சரியாக இருந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளிக் கீழே விழுந்து, வாயிலிருந்து புகையும் குபுகுபுவென்று வந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இறங்குகிறது, லைனரும் தேய்ந்திருக்கலாம். மூடி அமைதியாக இருந்து, நெடுநேரம் ஐடிலில் நின்ற பிறகு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் நீலம் அடித்தால், தேய்ந்திருப்பது வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய். அதற்கு ஹெட்டைக் கழற்றினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

கிண்ணத்து ஆயிலை உறிஞ்சும் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறைய உறிஞ்சிவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி, கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். ஸ்டாப் நாப் டீசலை மட்டும்தான் நிறுத்தும் என்பதால் அதை இழுத்தும் பயனில்லை. காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. அதற்கு வழியில்லை என்றால் உயர்ந்த கியர் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்திக்கொண்டே கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்தலாம், முன்னால் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு.