ரெண்டு நிறுவனம், ஒரே குடும்பம்: வெளிநாட்டுக்கு ஆன்லைனில் விற்பவர்கள் கணக்கை எங்கே பிரிக்க வேண்டும்?

அமேசானில் ஒரு பெயர், கைவினைப் பொருள் விற்கும் தளமான எட்சியில் ஒரு பெயர், சொந்த வெப்சைட்டில் இன்னொரு பெயர் என்று கடை போட்டிருந்தால் மூணு நிறுவனம் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ப்ரொப்ரைட்டர்ஷிப் என்றால் எத்தனை பெயர் வைத்தாலும் ஆள் ஒருவர்தான், பான் ஒன்றுதான். ஏற்றுமதிக்குத் தேவையான ஐஇசி எண்ணும் ஒரு பானுக்கு ஒன்றுதான் (ஜிஎஸ்டி வந்த பிறகு பான் எண்ணே ஐஇசி எண்ணாகவும் இருக்கிறது). அந்த மூணு கடையின் விற்பனையையும் கூட்டித்தான் வருமான வரிக்கான டர்ன்ஓவர் பார்ப்பார்கள். லாபம் எதில் வருகிறது என்று தெரிந்துகொள்ள டாலி போன்ற கணக்கு சாஃப்ட்வேரில் கடைக்கு ஒன்றாகத் தனித்தனி காஸ்ட் சென்டர் (செலவையும் வரவையும் பிரித்துக் காட்டும் தலைப்பு) போட்டுக்கொள்ளலாம், நல்ல பழக்கம்தான், ஆனால் அது உங்கள் வசதிக்கு. சட்டம் கேட்பது அதை அல்ல.

சட்டம் கேட்கும் பிரிவினை பான் மாறும் இடத்தில் தொடங்குகிறது. கரூர்ப் பக்கம் சகஜமான ஒரு அமைப்பை எடுத்துக்கொள்வோம்: அண்ணன் பெயரில் பழைய ப்ரொப்ரைட்டர்ஷிப், அதில்தான் தறியும் தையலும், அப்புறம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த ஒரு பிரைவேட் லிமிடெட், கிச்சன் டவலையும் டேபிள் ரன்னரையும் அமெரிக்காவுக்கு அனுப்பி விற்பது அது. வீடு ஒன்று, குடோன் ஒன்று, ஆள்கள் ஒன்று. ஆனால் பான், ஜிஎஸ்டி எண், ஐஇசி, கரண்ட் அக்கவுண்ட், ஏற்றுமதிப் பணம் எந்த வங்கி வழியாக வரும் என்று சுங்கத்துறைக்குக் காட்ட வங்கி தரும் ஏடி கோடு, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டி போர்ட்டலில் போடும் எல்யூடி என்ற உறுதிமொழி, எல்லாமே இரண்டிரண்டு. அண்ணன் பெயரிலுள்ள எல்யூடி கம்பெனி பில்லுக்குச் செல்லாது. ஐஇசி விவரத்தை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். இரண்டில் ஒன்றைப் புதுப்பித்துவிட்டு மற்றதை மறந்தால் அந்த எண் முடங்கிப்போகும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இதில் நிஜமாகவே சிக்கல் வரும் இடம் பணம் வந்து விழும் அக்கவுண்ட். ஏற்றுமதி செய்யும்போது சுங்கத்துறைக்குத் தரும் ஷிப்பிங் பில்லை ஒரு ஐஇசியில் போடுகிறோம். அந்தத் தகவல் சுங்கத்துறையிலிருந்து ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணினிக்குப் போய், "இவ்வளவு டாலர் இவரிடமிருந்து வரவேண்டும்" என்று நிற்கும். பணம் வந்ததும் வங்கி அதற்கு ஒரு வரவுக் குறிப்பை, ஐஆர்எம் என்பார்கள், எந்த அக்கவுண்டில் விழுந்ததோ அந்த ஐஇசிக்கு ஏற்றிவிடும். 2023 நவம்பரிலிருந்து அந்த ஐஆர்எம்மை ஷிப்பிங் பில்லோடு இணைத்து இ-பிஆர்சி, அதாவது பணம் வந்ததற்கான சான்று, எடுப்பது ஏற்றுமதியாளரே செய்துகொள்ளும் வேலை. இப்போது யோசித்துப் பாருங்கள்: சரக்கு கம்பெனி பெயரில் போனது, ஆனால் விற்பனைத் தளத்தில் பழைய ப்ரொப்ரைட்டர்ஷிப் அக்கவுண்ட் எண்ணே கொடுத்திருக்கிறது. ஐஆர்எம் அண்ணனின் லாகினில் தெரியும், ஷிப்பிங் பில் கம்பெனி லாகினில் தெரியும், இரண்டையும் இணைக்க வழியிருக்காது. கம்பெனிக்குப் பணம் வரவேயில்லை என்று நிலுவை காட்டும். அண்ணனுக்கோ காரணமில்லாமல் டாலர் வந்திருக்கும். "நம்ம குடும்பம்தானே சார்" என்று வங்கி மேனேஜரிடம் சொல்லிப் பயனில்லை. அங்கிருந்து இங்கே ட்ரான்ஸ்ஃபர் செய்தாலும் அது வெறும் ரூபாய்ப் பரிமாற்றம்தான், ஏற்றுமதி வரவு ஆகாது.

ஆகவே ஆர்டர், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (கூரியரில் அனுப்பினால் கூரியர் ஷிப்பிங் பில்), பணம் விழும் அக்கவுண்ட், இந்த நான்கிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் மீதிக் கணக்கெல்லாம் சாதாரண புக்கீப்பிங்தான். பணத்தை வாங்கித் தரும் இடைத்தரகு கேட்வேயிலும் இதே விதி: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி கேஒய்சி, தனி அக்கவுண்ட்.

அடுத்தது விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும் தொகை. தளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்பும் தொகை விற்பனை அல்ல. கமிஷன், விளம்பரம், ரிட்டர்ன் எல்லாம் கழித்த மிச்சம். 30 டாலர் டவல் செட்டுக்கு 21 டாலர் வந்தால், புத்தகத்தில் 21 என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. 30 விற்பனை, 9 செலவு என்று பிரித்து எழுதி இந்தக் கழிவுகளைக் காட்டித் தளம் தரும் செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். ஷிப்பிங் பில் மதிப்புக்கும் வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வங்கியிடம் விளக்கவும் அந்தக் காகிதம்தான் வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக பில் போடும் சாஃப்ட்வேர் சந்தாவுக்கு ரிவர்ஸ் சார்ஜில் ஜிஎஸ்டி நாமே கட்ட வேண்டும், அதுவும் கேஷ் லெட்ஜரிலிருந்து, அதாவது இன்புட் கிரெடிட்டில் கழிக்காமல் பணமாகவே. ஒரே சந்தாவை இரண்டு நிறுவனமும் பயன்படுத்தினால் யார் பெயரில் பில்லோ அவர் கட்டிவிட்டு, மற்றவருக்கு அவர் பங்குக்கு இன்வாய்ஸ் போடுவதுதான் முறை.

சரக்கும் அப்படியே. தறியிலிருந்து அடுத்த அறைக்குப் போனாலும், ப்ரொப்ரைட்டர்ஷிப்பிலிருந்து கம்பெனிக்குப் போவது விற்பனை, இன்வாய்ஸ் வேண்டும். விலை வைக்கும்போதும் கவனம் வேண்டும், உறவு நிறுவனங்களுக்கு இடையேயான மதிப்பீட்டுக்கு ஜிஎஸ்டியில் தனி விதி இருக்கிறது. இதில் பலரும் தவறவிடும் ஒரு சலுகை உண்டு: ஏற்றுமதி செய்யப்போகிறவருக்கு விற்கும் சரக்குக்கு 0.1% வரி மட்டும் போட்டு பில் கொடுக்கலாம். வாங்கியவர் 90 நாளுக்குள் ஏற்றுமதி செய்ய வேண்டும், விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் ஷிப்பிங் பில்லில் வர வேண்டும், இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. முழு வரி கட்டி ரீஃபண்டுக்குக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கம்பெனிப் பக்கம் கூடுதல் கண்டிப்பு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுண்டிங் சாஃப்ட்வேரில் எடிட் லாக் (எந்த என்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு) ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அணைக்கக் கூடாது. மார்ச் மாதம் உட்கார்ந்து பழைய என்ட்ரிகளை நகர்த்தி இரண்டு நிறுவனத்தையும் சமன் செய்யும் வேலை இனி ஆடிட்டர் கண்ணில் படும். புத்தகத்தை 8 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். கம்பெனிப் பணத்தைப் பெரிய பங்குதாரர் கடனாக எடுத்தால் அதை டிவிடெண்ட் என்று கருதி வரி போட வழியிருக்கிறது, எனவே அண்ணன் வீட்டுக் கரண்ட் பில்லைக் கம்பெனி அக்கவுண்டில் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கலந்துபோயிருந்தால்? முதலில் தளத்தில் அக்கவுண்ட் எண்ணை மாற்றுங்கள், பழசை அப்புறம் பார்க்கலாம். பணம் வந்துசேர 9 மாதம் என்றிருந்த கெடுவை 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டியிருக்கிறார்கள். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள பில்களை, பணம் வந்துவிட்டது என்று ஏற்றுமதியாளர் தரும் உறுதிமொழியை வைத்தே வங்கி முடித்துவிடலாம் என்றும் 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனால் பணம் அந்த நிறுவனத்துக்கே வந்திருந்தால்தான் அப்படி எழுதிக் கொடுக்க முடியும். வேறு பெயரில் விழுந்த தொகைக்கு, செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டும் இரண்டு ஸ்டேட்மெண்டும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரோடு வங்கியின் ஃபோரெக்ஸ் பிரிவுக்கு நேரில் போவது நல்லது.