நூறில் ஒரு கோப்பு மட்டும் ஏன் இழுத்தடிக்கிறது?

கிளவுடில் சேமித்திருக்கும் படங்களை லினக்ஸ் கணினியில் மவுண்ட் செய்து (அதாவது உள்ளூர்க் கோப்புறைபோல் இணைத்து), கோப்புறையைத் திறந்து பாருங்கள். சிறுபடங்கள் மளமளவென்று வந்து விழும். நடுவில் ஒரு கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும். ஒரு விநாடி, இரண்டு விநாடி கழித்துத்தான் அதில் படம் வரும். கேஷை (முன்பு படித்ததன் உள்ளூர் நகலை) அழித்துவிட்டு மறுபடி திறந்தால் அதே படம் சட்டென்று வந்துவிடும், இப்போது வேறொன்று நிற்கும். உடனே ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். பல நேரம் கோளாறு ரவுட்டரில் இல்லை.

மவுண்ட் என்பது ஒரு வேடம். 2005-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்த ஃபியூஸ் என்ற வசதிதான் இதற்கு அடிப்படை. படம் காட்டும் மென்பொருள் வழக்கம்போல் 'இந்தக் கோப்பைப் படி' என்கிறது. கெர்னல் அந்த வேலையை கிளவுடை இணைக்கும் ஆர்குளோன் (rclone) போன்ற ஒரு நிரலிடம் தள்ளிவிடுகிறது. அந்த நிரல் 'இந்தப் பைட்டிலிருந்து இந்தப் பைட் வரை அனுப்பு' என்று இணையம் வழியாகக் கேட்கிறது. படம் காட்டும் மென்பொருளுக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் டிஸ்கிலிருந்து வருவதாகவே நினைத்துக் காத்திருக்கிறது. கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் பதில் தரும். அமேசானின் எஸ்3 கிளவுட் சேமிப்பில் முதல் பைட் வர 100 முதல் 200 மில்லி விநாடி ஆகலாம் என்று அமேசானே சொல்கிறது. ஆயிரம் மடங்குக்கு மேல்!

இது அன்றாட வேகம். எப்போதாவது வரும் இரண்டு விநாடித் தாமதத்துக்குக் காரணம் வேறு. மறுமுனையில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இருக்கின்றன. நம் கோப்பு இருக்கும் டிஸ்க் அந்த நொடியில் பழுதான இன்னொரு டிஸ்கின் தரவை மீட்டெழுதிக் கொண்டிருக்கலாம். அதே டிஸ்கை வேறொரு வாடிக்கையாளர் கசக்கிப் பிழிந்துகொண்டிருக்கலாம். சர்வர் நிரல் தன் நினைவகத்தைச் சுத்தம் செய்யக் கொஞ்சம் நின்றிருக்கலாம். வழியில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்து, அது தொலைந்ததைக் காட்ட வேறு அறிகுறியும் இல்லாவிட்டால், லினக்ஸ் குறைந்தது 200 மில்லி விநாடி காத்திருந்துதான் மறுபடி அனுப்பும். இவற்றில் எதையும் அடியோடு ஒழிக்க முடியாது.

சராசரியைப் பார்த்தால் இந்தத் தொல்லை கண்ணில் படாது. நூறு வாசிப்பில் ஒன்றுதான் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு படமும் வந்தால்தான் நம் வேலை முடியும் என்றால்? நூறும் வேகமாக வரும் வாய்ப்பு, 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் கிடைக்கும் 37 சதவீதம். மீதி 63 சதவீதம் தடவை ஏதோ ஒன்று நம்மைக் காக்க வைக்கும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கைப் போட்டு, மருந்தையும் சொன்னார்கள்.

மருந்து நம் ரயில் நிலையங்களில் பார்த்ததுதான். அண்ணன் ஒரு கவுண்டரில் நிற்கிறார். வரிசை நகரவில்லை. தம்பி அடுத்த கவுண்டரில் போய் நிற்கிறான். யார் கைக்கு முதலில் டிக்கெட் வருகிறதோ, மற்றவர் வரிசையை விட்டு விலகிவிடுவார். வாசிப்பிலும் அப்படியே: வழக்கமாகப் பதில் வரும் நேரம் தாண்டியதும் அதே கோரிக்கையை, நகல் வைத்திருக்கும் இன்னொரு சர்வருக்கும் அனுப்பு, முதலில் வருவதை எடுத்துக்கொள். நூறு சர்வர்களில் பரவியிருந்த 1,000 மதிப்புகளைப் படித்த ஒரு சோதனையில், 10 மில்லி விநாடி பொறுத்து இரண்டாவது கோரிக்கை அனுப்பினார்கள். ஆயிரத்தில் 999 தடவை 1,800 மில்லி விநாடிக்குள் முடிந்துகொண்டிருந்த வேலை, 74 மில்லி விநாடிக்குள் முடிந்தது. கூடுதல் கோரிக்கைகள் 2 சதவீதம் மட்டுமே. எவ்வளவு மலிவான மருந்து என்று இன்றும் எனக்கு வியப்புத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சேமிப்பு நிறுவனமே 'மெதுவாகக் கேள்' என்று 503 பிழை அனுப்பினால் இதைச் செய்யக் கூடாது. எஸ்3-இல் ஒரு முன்னொட்டுக்கு (கோப்புப் பெயரின் தொடக்கப் பகுதி, கோப்புறைப் பாதை போன்றது) விநாடிக்குக் குறைந்தது 5,500 வாசிப்புகளைத் தாங்கும் என்பது கணக்கு. அதைத் தாண்டி நெருக்கினால் கூட்டம்தான் கூடும். அப்போது பொறுத்து, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக் கேட்க வேண்டும்.

நிரல் எழுதாதவர்களுக்குக் கேஷ் போதும். ஆர்குளோனில் விஎஃப்எஸ் கேஷ் என்ற அமைப்பை 'ஃபுல்' என்று வைத்தால், படித்த பகுதிகள் உள்ளூர் டிஸ்கில் தங்கும். இரண்டாம் முறை பயணம் இல்லை. ஃபைல் மேனேஜரில் சிறுபட முன்னோட்டத்தை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும், ஏனென்றால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பது அதுதான். ஒரே கோப்பாக இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை மட்டும் தயவுசெய்து மவுண்டில் வைக்காதீர்கள். அது 4,096 பைட் பக்கங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும். கேஷ் இல்லாமல் ஆயிரம் பக்கம், பக்கத்துக்கு 100 மில்லி விநாடி என்றால் ஒரே கேள்விக்கு 100 விநாடி. கோப்பை முழுதாக உள்ளூர் டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு அங்கே திறங்கள்.