சொசைட்டி மேல் கேஸ் போட முடியாது என்று யார் சொன்னது?

போன வாரம் தாராவியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தங்கை புருஷன் ஒரு ஹவுசிங் சொசைட்டியின், அதாவது குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கத்தின், செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்து ஐந்து வாரம் ஆகிறது. கையில் ஸ்டாம்ப் பேப்பர்: மூன்று லட்சம் வாங்கிக்கொண்டோம், கேஸ் நடத்த மாட்டோம் என்று மராத்தியில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாமலே அந்தப் பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "கான்ட்ராக்டர் மேலதான் கேஸ் வருமாம், சொசைட்டியை ஜெயில்ல போட முடியாதாமே வக்கீலம்மா?"

இந்த ஆண்டு இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது.

ஜெயிலில் போட முடியாதுதான். அதனால் கேஸே போட முடியாது என்பது சுத்தப் பொய். குற்றவியல் சட்டத்தில் 'நபர்' என்றால் கம்பெனியும் சங்கமும் சேர்ந்ததுதான். பழைய இ.பி.கோ.விலேயே அப்படித்தான் இருந்தது. "சிறைத் தண்டனை கட்டாயமான குற்றத்தில் கம்பெனியை எப்படி விசாரிப்பது?" என்ற வாதத்தையும் 2005-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தள்ளிவிட்டது. அபராதம் போடலாம், விசாரணை நிற்காது என்றது. போபால் விஷவாயு வழக்கில் 2010-ல் தண்டிக்கப்பட்டவர்களில் யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனியும் ஒன்று. அபராதம் 5 லட்சம்தான். அத்தனை உயிருக்கு அவ்வளவா என்று எனக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் குற்றவாளி என்று எழுதியாயிற்று.

கான்ட்ராக்டர் சாக்கும் செல்லாது. ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதுகாப்பில்லாமல் டேங்கில் இறக்கக் கூடாது என்கிறது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம். கம்பெனிகளின் குற்றத்துக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. ஆனால் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். இதைக் கோட்டைவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

செக்ரட்டரி, சேர்மன் என்ற பதவிக்காக மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. யார் கூப்பிட்டார், யார் காசு கொடுத்தார், யார் இறங்கச் சொன்னார் என்று காட்ட வேண்டும். அது கையில் இல்லாததால்தான் சூப்பர்வைசரோடு கேஸ் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப் மெசேஜ், கேட் ரெஜிஸ்டர், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள். கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லிப் போலீசுக்கு அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். அஜாக்கிரதையால் உயிர் போன வழக்கு நீங்களாகச் சமரசம் செய்துகொள்ளக்கூடியது அல்ல. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. ஸ்டாம்ப் பேப்பரைக் காட்டிப் போலீஸ் அதை மூட முடியாது. இழப்பீடு வாங்கினால் உயிரை விற்றதாகவும் ஆகாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. மூன்று லட்சத்தை நீட்டுகிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

விபத்து மரணம் என்று போலீஸ் வெறும் ஏடிஆர் (விபத்து மரண அறிக்கை) எழுதி அனுப்பினால் கிளம்பி வந்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் கேளுங்கள், சொசைட்டியின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், நகலை இலவசமாக வாங்குங்கள். தெரியாத மொழியில் எது வந்தாலும், தயவுசெய்து, பிணம் வீட்டில் கிடக்கும் நேரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு போன் போதும், யாராவது ஒரு வக்கீல் வாசித்துச் சொல்வார்.

வந்தவருக்குப் புகார் கொடுக்க இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. நாளைக் காலை அவரோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.