11 மாதப் பத்திரம் உங்களைக் காப்பாற்றாது

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் குடி மாறுவதில்லை. அது தெரிந்தும், திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் 6 ஆண்டுகளாகக் குடியிருந்த குடும்பத்தை, கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆடி இரண்டாம் வாரத்தில் வீட்டுக்காரர் வேறு பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டார். அன்றிரவு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த அந்தப் பெண், ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து, நான்காக மடித்த 20 ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து மேசைமேல் விரித்து, "அக்ரிமெண்ட் இருக்குதுங்க மேடம்" என்றார். 6 ஆண்டுகளுக்கு முன் 11 மாதத்துக்கு எழுதியது. அதன்பின் புதுப்பிக்கப்படவே இல்லை. முத்திரைத்தாள் யாரோ மூன்றாம் நபர் பெயரில் வாங்கப்பட்டிருந்தது. 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தும், தொகை எழுத வேண்டிய இடம் வெறும் புள்ளிக்கோடாகவே கிடந்தது. மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அந்தப் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. இந்த ஆண்டில் இது என்னிடம் வந்த ஐந்தாவது வழக்கு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டியதில்லை" என்று வீட்டுக்காரரும் சொல்கிறார், தரகரும் சொல்கிறார், நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு செய்து தருபவரும் சொல்கிறார். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்கு மாற்றாக, தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத இந்த அதிகாரி வேறு, சார்பதிவாளர் வேறு. ஆகவே 11 மாதமோ, 3 மாதமோ, இந்தப் பதிவு தேவை. நோட்டரி முத்திரையும் பதிவு ஆகாது. இதை நான் ஒவ்வொரு வாரமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்கே சட்டம் தடை வைத்திருக்கிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி, வீட்டைத் திரும்பக் கேட்டு உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். குடியிருப்பவர் பலமுறை கேட்டும் எழுதித் தராதவருக்கு அந்தக் குறையே ஆயுதமாவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஸ்காட்லாந்தில் 2006 முதல் வீட்டை வாடகைக்கு விடுபவர் தம்மையே உள்ளாட்சியிடம் பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் விடுவது குற்றம். இங்கே ஒப்பந்தத்துக்குத்தான் பதிவு, உரிமையாளருக்கு இல்லை. ஒரே உரிமையாளரின் பத்து லைன் வீடுகளிலிருந்து பத்துக் குடும்பங்கள் அட்வான்ஸை இழந்து வெளியேறினாலும், அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் சேர்வதில்லை. அந்தப் பதிவேடு இங்கும் வர வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதிந்தால் வீடு குடியிருப்பவருக்குப் போய்விடும் என்று அஞ்சாதீர்கள். வீடு உங்களுடையது என்று அவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளும் ஆவணம்தான் அது.

குடியிருப்பவர்களே, அட்வான்ஸ் தொகை எழுதப்படாத தாளில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை 3 மாத வாடகைதான் முன்பணத்துக்கு உச்சவரம்பு என்பதால், 10 மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அது திரும்பி வர வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக் கூச்சப்படாதீர்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிட வேண்டாம். 2 மாத நிலுவையே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். அவர் வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. சப்பைத் தண்ணீர் (புழங்கும் உப்புத் தண்ணீர்) மோட்டாரை நிறுத்துவதும், மின் இணைப்பைத் துண்டிப்பதும் எந்தச் சண்டையிலும் அனுமதிக்கப்பட்டவை அல்ல. உங்கள் வீட்டுக்குள் வருவதற்கு உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆவணி பிறந்ததும் பலர் புது வீட்டில் பால் காய்ச்சுவீர்கள். நாள் குறிக்கும்போதே ஒப்பந்தத்தை எழுதி, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் நீங்களே விண்ணப்பிக்கலாம். பதிவு எண் கிடைத்தவுடன் ஒரு நகலைக் கைபேசியில் வைத்திருங்கள், இன்னொன்றை ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் தாளை வைத்து நான் உங்களுக்காக வாதாட முடியாது.