கொக்கி லேசாக இருக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள்

இந்த ஆடியில் இது மூன்றாவது வண்டி. உச்சிப்புளிப் பக்கம் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. டிராக்டர் டிரெய்லர், படகு ஏற்றும் வண்டி, ஐஸ் பெட்டி ஸ்டாண்டு, இதுதான் என் தொழில். கொஞ்ச காலமாகக் காருக்குப் பின்னால் கேம்பரை, அதாவது உள்ளே படுத்துத் தூங்குகிற கூண்டை, இழுத்துக்கொண்டு தனுஷ்கோடி பார்க்க வருகிறவர்களும் பட்டறை வாசலில் நிற்கிறார்கள். வரட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பம். பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் உட்கார வைப்பதற்கென்று செய்த பாப்-அப் கேம்பர், அதாவது ஓடும்போது கூரை படுத்திருக்கும், நிறுத்தினால் எழுப்பிக்கொள்ளலாம், அதைப் பழசாக வாங்கி, சாமான் ஏற்றும் இரண்டு சக்கர டிரெய்லரில் தூக்கி வைத்துக் கட்டியிருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்க, டிரெய்லரின் வால் ஆட ஆரம்பித்து, காரையும் சேர்த்து ஆட்டியிருக்கிறது. ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நிறுத்திய கார்கள் ஓரமாக வரிசையாக நிற்கும் இடம் அது (நிறுத்தக் கூடாது, ஆனால் எல்லாரும் நிறுத்துகிறோம்). நடைபாதைக் கட்டையில் டயர் உரசி நின்றதால் தப்பித்தார்கள். டிரெய்லரைக் காரில் மாட்டுகிற கொக்கி, அதைப் பிடித்திருந்த தகடு வளைந்து போயிருந்தது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள்.

வண்டிக்காரர் கேட்டது இவ்வளவுதான். "அண்ணா, இந்தத் தகட்டை மட்டும் வெல்ட் வெச்சுக் குடுத்துருங்க, ராத்திரிக்குள்ள ஊர் போய்ச் சேரணும்." ஏன் ஆடியது என்று கேட்கவில்லை. காற்றாம். நான் கொக்கியைக் கழற்றச் சொன்னதும் ஒரு கையால் தூக்கிக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "பாருங்க அண்ணா, எவ்வளவு லேசு! அவ்வளவு பேலன்ஸா வெச்சிருக்கோம்."

இதுதான். இந்த ஒரு பேச்சைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. மூன்று வண்டிக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள்.

ஒரு கையால் தூக்க முடிகிற கொக்கி பேலன்ஸான கொக்கி இல்லை. அது பின்பாரம். மாட்டுவண்டி ஓட்டிய எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் சொல்வார். நெல் மூட்டையைப் பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்பும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். முன்னால் அதிகம் ஏற்றினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். அதனால் அளவாக, கொஞ்சம் முன்பாரமாகத்தான் ஏற்றுவார்கள். மாட்டுக்குத் தெரிந்த இந்த நியாயம் காருக்கும் அதேதான், ஒரே வித்தியாசம், மாடு மணிக்கு 70 கிலோமீட்டரில் போகாது. இரண்டு சக்கர டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். 950 கிலோ என்றால் 95 முதல் 140 கிலோ வரை. இதை ஒரு ஆள் ஒரு கையால் தூக்க முடியாது, தூக்க முடிந்தால் ஏதோ தப்பு. கார் பின்புறம் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், அமுங்கட்டும். உங்கள் காருக்குக் கொக்கியில் அவ்வளவு பாரம் அனுமதி இல்லை என்றால் இந்தக் கேம்பர் உங்கள் காருக்கு இல்லை, அவ்வளவுதான். அதற்காகப் பாரத்தைப் பின்னால் தள்ளிக் கணக்கைச் சரிக்கட்டக் கூடாது.

"டிரெய்லர் ஆயிரம் கிலோ தாங்கும்னு சொன்னாங்களே" என்பது அடுத்தது. தாங்கும், ஐயா. ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, தாங்கும், ஸ்பிரிங் பட்டை தாங்கும். எவ்வளவு எடை என்பது ஒரு கேள்வி, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

சரி, அவருக்குப் பின்பாரம் எப்படி வந்தது? இந்தக் கேம்பர்களுக்கு முன்னால் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பிக்கப்பில் வைத்தால் டிரைவர் கேபினுக்கு மேலே போய் உட்காரும், உள்ளே படுக்கை அதில்தான். டிரெய்லரில் வைக்கும்போது அந்த மூக்கு கொக்கிக்கு மேலே நீட்டி, வளைவில் திரும்பினால் கார் டிக்கியில் இடிக்கிறது. உடனே என்ன செய்கிறார்கள்? கேம்பரை இரண்டடி பின்னால் தள்ளுகிறார்கள். முடிந்தது. போதாததற்கு ராமநாதபுரம் மாவட்டம், தண்ணி கிடைக்காது என்று யாரோ சொல்லி, 20 லிட்டர் கேன் நான்கை நிரப்பிப் பின் கதவு ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 80 கிலோ!

பக்கத்துக் கருவாட்டுக் கடையில் தராசை இரவல் வாங்கி, மேலே கட்டை வைத்து, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி கொக்கியை அதில் இறக்கினோம். 25 கிலோ. கேன்களை இறக்கிவிட்டுப் பார்த்தால் 65. நாலு கேன் தண்ணீர் கொக்கியிலிருந்து 40 கிலோவைப் பிடுங்கி வைத்திருந்தது. அவர் முகம் அப்போதுதான் மாறியது.

பெரிய எடை மேடையிலும் பார்க்கலாம். கழற்றிய டிரெய்லரை முழுசாக மேடையில் ஏற்றி ஒரு எடை, காரில் மாட்டி டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி பாரம். ஆனால் உப்பு லாரி ஏறுகிற மேடைகள் பத்துப் பத்துக் கிலோவாகத் தாவும், இந்த வேலைக்குக் கருவாட்டுத் தராசுதான் லாயக்கு. பயணத்துக்குச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு பாருங்கள், காலி வண்டியைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

ராத்திரிக்குள் ஊர் போகவில்லை, மறுநாள் மாலைதான் போனார்கள். கேன்களை ஆக்ஸிலுக்கு நேர் மேலே கொண்டுவந்தேன், ஆக்ஸிலைப் பட்டையோடு 20 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினேன். கொக்கியில் 120 கிலோ வந்தது. கேன் நிறைந்திருந்தாலும் காலியானாலும் பெரிய மாற்றம் இல்லை. மூக்கு இடிக்காமல் இருக்க இழுவைக் கம்பியை நீட்டினேன். இங்கே ஒன்று, கம்பியின் நுனியில் ஒரு துண்டை ஒட்டவைத்து நீட்டித் தருகிற பட்டறைகள் உண்டு, ஒத்துக்கொள்ளாதீர்கள். டிரெய்லரின் அடிச்சட்டமான சேஸுக்கு அடியில் நெடுகப் போகிற முழு இரும்புச் சேனல் வேண்டும். நீட்டிய பிறகு மறுபடி எடை பாருங்கள், கம்பி நீள நீள கொக்கி பாரம் குறையும்.

கட்டியிருந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். படகுக்குக் கட்டுகிற நைலான் கயிறு, அதுவும் பிளைவுட் தரையில் அடித்த கொக்கியில்! கயிறு இழுபடும், பிளைவுட் பிய்த்துக்கொண்டு வரும். கேம்பரின் நான்கு மூலை வளையத்திலிருந்து டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்குகிற இரும்புக் கம்பி) போட்டு சேஸில் பிடியுங்கள். அடியில் ரப்பர் பாய். பிரேக் அடித்தால் முன்னால் சறுக்காமல் ஒரு இரும்புத் தடுப்பு. கேம்பரின் தோள்ப்பகுதி பிக்கப் தொட்டியின் சுவருக்கு மேலே விரிவதற்காகச் செய்தது, டிரெய்லரில் அது டயருக்கு நேர் மேலே தொங்கும். பள்ளத்தில் பட்டை அமுங்கும்போது டயர் அதில் தேய்கிறதா என்று பாருங்கள், ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். நாலு பக்கக் கால் ஜாக்கியை ஓட்டும்போது கழற்றிவிடலாம், சும்மா தொங்கவேண்டாம்.

காரிலிருந்து கழற்றி நிறுத்திய டிரெய்லருக்குள் ஏறுகிறீர்களா, பின்பக்கம் இரண்டு ஸ்டாண்டு போடாமல் ஏறாதீர்கள். கதவு பின்னால்தான் இருக்கிறது, ஏறியதும் சீசா பலகை மாதிரி பின்பக்கம் சாய்ந்து முன்பக்கம் எழும்பும். அரியமான் கடற்கரை மணலில் ஸ்டாண்டு புதையும், அடியில் ஒரு பனங்கட்டை வையுங்கள், இந்த ஊரில் அதற்கா பஞ்சம். ஓடும்போது உள்ளே யாரும் இருக்கவே கூடாது. பிள்ளைகள் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உப்புத்தண்ணீரில் சக்கரம் இறங்கினால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைத் திறந்து பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். நல்ல தண்ணீரில் கழுவினால் போதும் என்று நினைக்காதீர்கள், உள்ளே போனது உள்ளேதான் இருக்கும். இதற்காகவே மாசம் நாலு பேர் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் படகு வண்டிக்காரர்கள், அவர்களுக்கே இது தெரியவில்லை என்பது வேறு கதை.

வண்டி ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பவும் செய்யாதீர்கள். வேகம் கூட்டினால் இழுத்து நேராகிவிடும் என்று ஒருவர் சொன்னார், தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்காதீர்கள். காற்று கூடினால் பாம்பனில் ரயிலையே நிறுத்திவைக்கிறார்கள். நீங்கள் மண்டபத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, காற்று அடங்கியதும் 40-இல் போங்கள்.

பேப்பர் விஷயம் ஒரு வரிதான். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள், வெல்டிங் முடிந்த பிறகு கேட்டு என்ன செய்ய?

பக்கத்துக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் முறைக்கிறார் என்பதால் இப்போது சொந்தமாகவே ஒரு தராசு வாங்கிப் பட்டறையில் போட்டுவிட்டேன். பாலம் ஏறுவதற்கு முன்னால் வந்து கொக்கியை அதில் இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு வாங்க மாட்டேன். ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம், சாப்பிடப் போயிருப்பேன்.