மேற்கு பார்த்த வராந்தாவை எதைக் கொண்டு மூடுவது?

ஒரு கதவு, இரண்டு ஜன்னல், மொட்டையான முன்சுவர். சென்னைப் புறநகர்களில் இப்படிப்பட்ட கான்கிரீட் வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. முன்னால் ஒரு மூடிய வராந்தா சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது கண்ணாடித் தடுப்பைத்தான். தூசி வராது, கொசு வராது, பார்வைக்கும் எடுப்பு. ஆனால் வீடு மேற்குப் பார்த்ததாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம் என்பேன்.

காரணம் வெயிலின் கோணம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்றுகூட நண்பகல் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவருக்கு இரண்டடி சன்ஷேடு நல்ல காவல். மேற்கில் அந்தக் கணக்கு செல்லாது. ஏப்ரல் கடைசியில் மாலை 4 மணிக்குச் சூரியன் 33 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். அதே இரண்டடி சன்ஷேடு சுவரில் ஒன்றேகால் அடிக்குத்தான் நிழல் தரும். 5 மணிக்கு அது சுமார் எட்டு அங்குலமாகச் சுருங்கிவிடும்.

அந்நேரத்து வெயில், தெளிந்த வானத்தில், மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 500 வாட் சக்தியைக் கொட்டுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். இரண்டரை சதுர மீட்டர் கண்ணாடி வைத்தால், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை வராந்தாவில் ஓடவிட்டதுபோல். உள்ளே வந்த ஒளியைத் தரையும் சுவரும் உறிஞ்சி அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்புகின்றன. அந்த நீண்ட அலைகளைக் கண்ணாடி வெளியே விடாது. அதைவிடப் பெரிய கேடு, சூடேறிய காற்றும் போக வழியின்றி அங்கேயே தேங்குவது.

காற்றைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. மேற்குப் பார்த்த வீட்டில் அது கொல்லைப்புற ஜன்னலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, முன் ஜன்னல் வழியே வெளியேறும். வெளியேறும் வாசலை அடைத்துவிட்டால் நுழையும் காற்றும் நின்றுபோகும். வராந்தாவை மூடிய பிறகு சமையலறையில் புழுக்கம் ஏறுவது இதனால்தான்.

வெயிலை நிறுத்தி, காற்றை விடும் சுவர் ஒன்று இருக்கிறது: செங்கல்லுக்கு இடையே துளை விட்டுக் கட்டும் செங்கல் ஜாலி. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் இதை அழகாகக் கையாண்டார். ஒரு துளையை நெருங்கிப் பாருங்கள். உயரம் மூன்று அங்குலம். சுவர் ஒன்பது அங்குலம் என்றால் ஆழமும் ஒன்பது. 19 டிகிரியில் சாய்ந்து வரும் மாலை 5 மணிக் கதிர், ஒன்பது அங்குலம் உள்ளே செல்வதற்குள் மூன்று அங்குலம் கீழிறங்கி, துளையின் அடிச்செங்கல்லில் முட்டி நின்றுவிடும். காற்றுக்கு அந்தத் தடை இல்லை. நாலரை அங்குலச் சுவரில் ஏறக்குறைய பாதிக் கதிர் உள்ளே வந்துவிடும். செலவு கூடினாலும் மேற்குக்கு ஒன்பது அங்குலமே என் தேர்வு. கொசுவலையை உட்புறம், கழற்றிக் கழுவும் சட்டத்தில் பொருத்தலாம். தூசி அடைத்த வலை பாதிச் சுவருக்குச் சமம்.

கூரைக்குத் தகரம் போடுவதாக இருந்தால், பக்கச் சுவர்களின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு விடுங்கள்.

பழைய வீட்டோடு இணைக்கும் இடத்தில் கொத்தனாரிடம் கண்டிப்பாகப் பேசிவிட வேண்டும். பழைய அஸ்திவாரம் பல ஆண்டுப் பாரத்தில் அமர்ந்து முடிந்தது. புதியது இனிமேல்தான் அமரும். களிமண் நிலமானால் மழைக்கு மழை உப்பிச் சுருங்கவும் செய்யும். இரண்டையும் கம்பி போட்டுப் பிணைத்தால், முதல் இரண்டொரு மழைக்காலத்திலேயே சாய்வான விரிசல் ஓடக்கூடும். ஓர் அங்குல இடைவெளி விட்டு, தெர்மகோல் பலகை செருகி, சிலிகான் பூசுவது போதும். மேலே மழைநீர் இறங்காமல் அலுமினியத் தகடு வேண்டும். அதன் ஒரு விளிம்பை மட்டும் பழைய சுவரில் காடி வெட்டிப் பதியுங்கள், மறு விளிம்பு புதிய கூரைமேல் ஆணியில்லாமல் சும்மா படிந்திருக்கட்டும்.