விமானிகளே, தூக்கம் போனதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

விமானிகளுக்கு மருத்துவத் தகுதிச் சான்று வழங்கும் மருத்துவன் நான். ஒரே மாதத்தில் இப்படி மூன்றாவது ஆளைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

வந்தவர் துணை விமானி, வயது முப்பதுகளின் நடுவில். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். படிவத்தில் தூக்கக் கோளாறு, மனப் பதற்றம், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. ஒரு கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவர் பேனா அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. சென்ற ஆண்டு 122/78 இருந்த இரத்த அழுத்தம் இந்த முறை 158/98. பத்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி எடுத்தேன், 156/98. கண் பரிசோதனைக்காகப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தபோது கூடவே ஒரு மாத்திரை அட்டை மேசையில் விழுந்தது. பத்துக் குழிகளில் ஏழு காலி. டைஃபென்ஹைட்ரமின். சளிக்கும் ஒவ்வாமைக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைப்பது. அவருக்குச் சளி இல்லை. தூங்குவதற்காக நான்கு மாதமாக அதை விழுங்கிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய நிறுவனம் சம்பளத்தை வெட்டியது. அடுத்த ஆண்டு கிடைக்கவேண்டிய கேப்டன் பதவி உயர்வைக் காலவரையின்றி நிறுத்தியது. பயிற்சிக்கு வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை. வீட்டில் யாரிடமும் முழுக் கணக்கைச் சொல்லவில்லை.

வெளியில் இருப்பவர்கள் உடனே சொல்வது எனக்குத் தெரியும்: “விமானிக்கென்ன, குறைந்த சம்பளமே நம் சம்பளத்தைவிட அதிகம்.” கடனும் தவணையும் பழைய சம்பளத்தை நம்பி எடுத்தவை. அத்துடன், பல நிறுவனங்களில் விமானியின் ஊதியத்தில் பெரும்பங்கு பறந்த மணிக்கணக்கைப் பொறுத்தது. அடிப்படைச் சம்பளத்தை வெட்டும்போதே விமானங்களையும் குறைத்தால், அறிவிப்பில் இருக்கும் சதவீதத்தைவிடக் கையில் வரும் பணம் இன்னும் குறையும். கூடுதலாக உழைத்து ஈடுகட்டலாமென்றால் அதற்கும் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்கு 900 அல்லது 1000 மணி நேரம் என்பதே பெரும்பாலான நாடுகளின் விதி. வேறு நிறுவனத்துக்குப் போகலாமென்றால், சம்பளத்தையும் பதவியையும் சேர்ந்த வரிசைப்படி முடிவுசெய்யும் பணிமூப்புப் பட்டியல் குறுக்கே நிற்கிறது. பணிமூப்பு முறை உள்ள நிறுவனத்தில் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள கேப்டனும் புதிதாகச் சேர்ந்தால் பட்டியலின் கடைசியில்தான் நிற்பார்.

இது திறமை சார்ந்த விஷயமும் இல்லை. 2009 ஜனவரி 15 அன்று இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 உயிர்களையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டம் கைவிடப்பட்டதையும் எடுத்துச் சொன்னார். அவருக்கே அந்த நிலை என்றால், சம்பள வெட்டால் நொந்துபோகும் எவரும் தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

என் கோபம் சம்பள வெட்டின் மீது மட்டும் இல்லை. “டாக்டரிடம் வாயைத் திறந்தால் லைசென்ஸ் போய்விடும்” என்று ஓய்வறையில் மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பாடத்தின் மீதுதான் என் கோபம். எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொல்லியும் தீராததால், இங்கே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

உங்களிடம் இருப்பது ஒரே தாள் இல்லை. விமானி உரிமம் ஒன்று. குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி இன்னொன்று. மருத்துவச் சான்று மூன்றாவது. நான் ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று எழுதினால் நிறுத்திவைக்கப்படுவது மூன்றாவது மட்டும்தான். உங்கள் உரிமம் ரத்தாவதில்லை. பறந்த மணிகள் அழிவதில்லை. ‘தற்காலிகம்’ என்ற சொல்லை நாங்கள் ஒப்புக்காக எழுதுவதில்லை. சம்பள வெட்டு, மணமுறிவு, வீட்டில் ஒரு மரணம் போன்ற காரணங்களால் தூக்கம் கெட்டு, தொடக்கத்திலேயே வந்து சொன்னவர்களில் பலர் சில வாரங்களில் விமானி அறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தால் வாழ்நாள் முழுக்கத் தடை என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2010 ஏப்ரலிலேயே நான்கு மருந்துகளுக்கு வழி திறந்துவிட்டது: ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம். குறிப்பிட்ட காலம் நிலையாக இருந்து, மதிப்பீட்டில் தேறியவர்கள் அம்மருந்தை உட்கொண்டபடியே சட்டப்படி பறக்கிறார்கள். காத்திருப்பு நீள்கிறது, காகித வேலை அதிகம் என்ற புகார் நியாயமானது. அதை நானும் ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் விடாமல் சொல்லிவருகிறேன். ஆனால் தாமதம் வேறு, தடை வேறு.

உண்மையில் தொழிலை முடித்துவைப்பது படிவத்தில் எழுதும் பொய்தான். அமெரிக்காவில் அது கூட்டாட்சிக் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். தூக்கமின்மைக்கு மருத்துவம் இருக்கிறது. பொய்க் கையெழுத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

மறைப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். 2016இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வொன்றில், பெயர் சொல்லாமல் பதிலளித்த விமானிகளில் 12.6 சதவீதத்தினரின் விடைகள் மனச்சோர்வின் அளவுகோலைத் தொட்டன. பெயர் போட்டு என் மேசையில் நிரப்பப்படும் படிவங்களில் அந்தப் பங்கில் சிறு துளியைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். டைஃபென்ஹைட்ரமினை விழுங்கினால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்கிறது அமெரிக்க ஆணையம். அவர் இரவு பத்துக்கு விழுங்கி, காலை ஆறுக்குப் பணிக்குப் போனார். உயிரிழந்த விமானிகளின் உடல்களில் நடந்த நச்சுப் பரிசோதனைகளை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், செயல்திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் அடிக்கடி தென்பட்டது இதுதான் என்று 2014இல் எழுதியது. அவர்களில் பெரும்பாலோர் சிறு விமானங்களை ஓட்டியவர்கள். அதனால் மூளைக்கு விதி மாறிவிடாது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பது பறக்கலாம் என்பதற்கான அனுமதி இல்லை. இதை இனி யாருக்கும் சொல்ல நேரக் கூடாது.

ஓய்வு நாளை விற்காதீர்கள். வருமானம் குறைந்ததும் இரவில் வேறு வேலை, வாடகை குறைந்த தொலைதூர ஊருக்குக் குடிபெயர்ந்து பணிக்குப் பறந்து வருவது என்று தொடங்குகிறார்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்ததில் ஐம்பது உயிர்கள் போயின. அதன் துணை விமானி முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பயணியாகப் பறந்து பணிக்கு வந்திருந்தார். விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது கேப்டனின் தவறான கையாளலைத்தான். களைப்பின் பங்கை அளந்து சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த இரவுப் பயணமே போதும்.

2015இல் துணை விமானியே வேண்டுமென்று மலையில் மோதவைத்த ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் பேச்சு வந்தாலே விமானிகள் முகம் சுருங்குகிறது. சரிதான், மனச்சோர்வு உள்ளவரையெல்லாம் அந்தத் துணை விமானியோடு ஒப்பிடுவது அநியாயம், ஒப்பிடவும் விட மாட்டேன். ஆனால் 150 பேர் இறந்த அந்த நிகழ்வைப் பற்றிய பிரெஞ்சு விசாரணை அறிக்கை, பறக்கும் உரிமை போனால் வருமானமும் போய்விடும் என்ற அச்சம் உதவி தேடுவதைத் தடுத்திருக்கலாம் என்று எழுதியது. அதன் பிறகுதான் ஐரோப்பாவில் சக விமானிகளே உதவும் ஆதரவுத் திட்டம் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமானது. உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால் எண்ணை இன்றே கைபேசியில் பதிந்துவையுங்கள். இல்லையென்றால் சங்கத்தின் வழியே கேளுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் இதுவும் ஒரு கோரிக்கையாக இருக்கட்டும்.

பறக்கும் தகுதி போனால் பணம் தரும் உரிம இழப்புக் காப்பீட்டின் பத்திரத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். தற்காலிகத் தகுதியின்மைக்குப் பணம் தருமா, எத்தனை நாள் கழித்து, மனநலக் காரணங்களை விலக்கியிருக்கிறதா? செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் எதையாவது குறையுங்கள், இதைக் கைவிடாதீர்கள். கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டிருந்தால் 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும் என்ற கணக்கும், சிமுலேட்டர் எனும் பாவனை விமானப் பயிற்சிக் கருவியில் எழும் தேர்வுத் தேதியும் நழுவாமல் பாருங்கள். மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள். ஆட்குறைப்பு முடிந்து அழைப்பு வரும் நாளில் முதலில் கேட்பது இவற்றைத்தான். சிமுலேட்டர் பயிற்றுநர், பாதுகாப்புத் தணிக்கை, சரக்கு விமானம் என்று மாற்று வழிகளும் உண்டு. அவற்றை நெருக்கடி வந்த பிறகு தேடாமல், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பழகிவையுங்கள். பணம் கட்டினால் விமான வேலை நிச்சயம் என்று ஆசை காட்டுபவர்களிடம் இன்னொரு கடனோடு போய் நிற்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் வந்ததும் சீருடையோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா, விடிகாலை மூன்றுக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு கணக்கு எழுதுகிறாரா, பிடித்ததைக்கூடத் தள்ளிவைக்கிறாரா? “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து முழுக் கணக்கையும் கேளுங்கள். உயிரே வேண்டாம் என்பது போல ஒரு சொல் வந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அந்தத் துணை விமானிக்கு நான் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினேன். தாளைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தூக்க மருத்துவரையும் உளவியல் ஆலோசகரையும் பார்க்கிறார்; மாத்திரையை நிறுத்திவிட்டார்; மனைவியிடம் கடன் கணக்கைச் சொல்லிவிட்டார். ஐந்தாவது வாரம் இரத்த அழுத்தம் 134/84. கோப்பு இப்போது ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் இருக்கிறது. என் பரிந்துரைக் கடிதம் அதில் மேலே இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை அவரும் நானும் தொலைபேசியில் பேசுகிறோம்.

நீங்களும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் உங்கள் மருத்துவரை அழைத்து, “இரண்டு வாரமாகத் தூங்கவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.